தமிழில் மட்டும் ஒரு வரி கூடுதல்

எனக்கு வந்திருக்கும் நோயின் பெயரை எனக்கு யாரும் சொல்லவில்லை. பன்வில பக்கத்தில் நான் தபால் அதிபராக இருந்த சின்னத் தபால் கந்தோருக்கு, ஒரு செவ்வாய்க்கிழமை காலை, அது பார்சலில் வந்து சேர்ந்தது.

பழுப்புத் தாளில் சுற்றிச் சணல் கயிறு போட்டிருந்தார்கள். உள்ளே இரண்டு கட்டுத் துண்டுப் பிரசுரங்கள், ஒன்று சிங்களம், ஒன்று தமிழ். கூடவே ஒரு கடிதம். அதிகம் பேர் அறியாத ஒரு நரம்பு நோயைப் பற்றிப் பொதுமக்களுக்குத் தெரியப்படுத்த ஒரு தொண்டர் குழு முயல்கிறதாம், இவற்றைக் கவுண்டரில் வைத்து உதவ வேண்டுமாம். இப்படி மாதத்துக்கு ஒன்றாவது வரும். டெங்கு, எலிக்காய்ச்சல், இரத்ததானம் என்று எதையாவது வைப்போம். சனங்கள் அதில் கணக்குப் போடுவார்கள், வெற்றிலை சுற்றுவார்கள், சிலர் வாசிப்பார்கள்.

கயிற்றை அவிழ்க்க எனக்கு விரல் வரவில்லை. தபால்காரர்தான் கத்தியால் அறுத்துத் தந்தார். அவர் வெளியே போய்ச் சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தபோது, நான் தமிழ்த் தாள் ஒன்றை இடது கையால் எடுத்தேன்.

"இயக்க நரம்பு நோய்" என்று தலைப்பு. கீழே அறிகுறிகள். "கை சொல்வழி கேட்காமல் போகும். சட்டைப் பொத்தான் போடுவது, சாவி திருப்புவது, முத்திரை குத்துவது போன்ற சிறு வேலைகள் முதலில் கடினமாகும். தோலுக்கடியில் சதை துள்ளும். வலி இருக்காது."

எல்லாமே நான். அது மட்டுமென்றால், யாரோ எழுதிய ஒன்று எனக்கும் பொருந்துகிறது என்று நினைத்திருப்பேன். ஆனால் ஊரில் எத்தனை பேர் முத்திரை குத்துகிறார்கள்? சிங்களத் தாளை எடுத்துப் பார்த்தேன். எனக்குச் சிங்களம் தமிழைப் போலவே ஓடும். அதில் பொத்தான் இருந்தது, சாவி இருந்தது. முத்திரை இல்லை. "கை சொல்வழி கேட்காமல் போகும்" என்பதும் இல்லை, "கைகளில் பலவீனம்" என்று மட்டும் இருந்தது.

அந்தச் சொற்களை நான் ஒருவரிடம்தான் சொல்லியிருந்தேன். என் தங்கச்சியிடம்.

அவள் என்னைவிட எட்டு வயது இளையவள். எங்கள் அப்பா தெல்தோட்டைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் தொழிற்சாலைக் கிளாக்கர். அவள் உயர்தரம் படிக்கும்போது அப்பா இறந்துவிட்டார், அடுத்த வருடமே அம்மாவும். எனக்கு அப்போதுதான் தபால் வேலை கிடைத்திருந்தது. அவளைக் கண்டிக்குக் கூட்டிவந்து படிக்கவைத்தேன். இப்போது அவள் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர். நீதிமன்றத்துக்குப் பக்கத்துச் சந்தில் ஒரு அறை, ஒரு மேசை, மூன்று கதிரைகள். பிறப்புச் சான்றிதழ், விவாகச் சான்றிதழ், சத்தியக் கடதாசி என்று நாள் முழுக்க மூன்று மொழிக்கும் மாற்றிக்கொண்டிருப்பாள். மூலத்தில் ஒரு பெயர் பிழையாக இருந்தால் அந்தப் பிழையோடேயே மொழிபெயர்த்துவிட்டு, அடியில் குறிப்புப் போடுவாள். ஒரு சொல் கூட்டமாட்டாள், ஒரு சொல் குறைக்கமாட்டாள். அதை நான் பெருமையாகப் பத்துப் பேரிடம் சொல்லியிருக்கிறேன்.

பார்சல் வருவதற்கு இரண்டு வருடத்துக்கு முன்னால்தான் என் வலது பெருவிரல் பிசகத் தொடங்கியது. திகதி முத்திரையை மையில் ஒற்றிக் கடிதத்தில் குத்தும்போது, ஒரு பக்கம் அழுந்தும், மறுபக்கம் வெறுமையாக இருக்கும். கண்டியிலிருந்து ஒரு தடவை கடிதம் வந்தது, உங்கள் கந்தோர் முத்திரை தெளிவில்லை, புதியது வேண்டுமா என்று. புதியதும் வந்தது. அதுவும் அப்படியே குத்தியது. பிறகு பெருவிரலின் அடிச்சதை கரைந்து, உள்ளங்கையில் பள்ளம் விழுந்தது. தோளில் சதை தானாகத் துள்ளும். அலவத்துகொடயில் ஒரு முறிவு வைத்தியரிடம் ஒரு மாதம் எண்ணெய் போட்டேன். அவர் நல்ல மனிதர், என் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது எலும்பு இல்ல, நரம்பு. டொக்டரக் காட்டுங்க," என்று அனுப்பிவிட்டார்.

நரம்பு டொக்டரிடம் என் மனைவியும் தங்கச்சியும் கூட வந்தார்கள். கையிலும் காலிலும் நாக்கிலும் ஊசி குத்தி, மின்சாரம் எப்படி ஓடுகிறது என்று பார்த்தார். முடிந்ததும் தங்கச்சி சொன்னாள், "அண்ணே, நீங்க கீழ போய் ரத்தம் குடுத்துட்டு வாங்க. நாங்க ரிப்போர்ட்டக் கேட்டுட்டு வர்றோம்."

நான் கீழே போனேன். திரும்பி வந்தபோது இருவரும் மாடிப்படியில் நின்றார்கள். மனைவியின் முகம் ஈரமாக இருந்தது. வெயில், அதனால் கழுவினேன் என்றாள்.

"நரம்புல அழற்சியாம்ணே," என்றாள் தங்கச்சி. "விட்டமின் குறைச்சல். மெதுவாத்தான் சரியாகும், அவசரப்படக் கூடாதுன்னு சொன்னாரு."

அந்த ரிப்போர்ட்டை நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் வாசித்திருப்பேன், எனக்கு அவ்வளவுக்கு ஆங்கிலம் தெரியும். கைத்தொலைபேசியில் தேடிப் பார்த்திருக்கவும் முடியும். இதை எழுதும்போது பலரும் அப்படித்தான் கேட்பார்கள் என்று தெரிகிறது. நான் தேடவில்லை. அவள் சொல்லிவிட்டாள், அவள் சொன்னால் அது அப்படித்தான். கோப்பு அவளிடம் இருந்தது. குளிசைகளை மனைவி தினமும் ஒரு விட்டமின் போத்தலிலிருந்து எடுத்துத் தந்தாள். நான் விழுங்கினேன்.

அந்தக் காலத்தில்தான் ஒரு மாலை, வீட்டு வாசலில் உட்கார்ந்து தேத்தண்ணி குடிக்கையில், தங்கச்சி கேட்டாள், "அண்ணே, மொதல்ல என்னதான் பண்ணுச்சு ஒங்களுக்கு? சரியாச் சொல்லுங்க, டொக்டர் கேக்குறாரு."

நான் யோசித்துச் சொன்னேன், "கை சொல்வழி கேக்க மாட்டேங்குது. வேற ஒண்ணுமில்ல. முத்திரை குத்த முடியல, சட்டைப் பொத்தான் போட முடியல. வலின்னு பார்த்தா ஒரு துளி இல்ல."

அவள் அதைச் சின்னக் கொப்பியில் எழுதிக்கொண்டாள்.

பார்சல் வந்த அன்று கவுண்டருக்கு உள்ளே நின்று அந்தத் தாளை முழுக்க வாசித்தேன். கடைசிப் பந்தி இப்படி இருந்தது: "இந்நோயைக் குணப்படுத்தும் மருந்து இதுவரை இல்லை. பெரும்பாலானோர் நோய் கண்டறியப்பட்ட பின் சில ஆண்டுகளே வாழ்கின்றனர். தன் நிலையை அறிந்துகொள்ளும் உரிமை நோயாளிக்கு உண்டு. அதை அவரிடமிருந்து மறைக்க வேண்டாம்."

இந்தக் கடைசி வரி சிங்களத்திலும் இருந்தது. அதை அவள் ஒழுங்காக, ஒரு சொல் பிசகாமல் மொழிபெயர்த்திருந்தாள்.

ஒரு கிழவர் முதியோர் உதவிப் பணத்துக்காக ஜன்னலில் வந்து நின்றார். எழுத வேண்டியதை எழுதிவிட்டு முத்திரையை எடுக்கப் போனேன். தபால்காரர் ஓடி வந்தார். "தென்ன மஹத்தயா, மம கஹன்னம்," என்றார். கொடுங்க ஐயா, நான் குத்துகிறேன் என்று. ஒரு வருடமாக அவர் அப்படித்தான் வந்து வாங்கிக் குத்துவார். நல்ல மனம் என்று நினைத்திருந்தேன். அன்று அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் என் கையைப் பார்க்காமல் முத்திரையை மட்டும் பார்த்தார்.

அன்று நான் செய்ததையும் சொல்லவேண்டும். சிங்களக் கட்டைக் கவுண்டரில் வைத்தேன். தமிழ்க் கட்டை அலுமாரியின் அடித்தட்டில், பழைய படிவங்களுக்குப் பின்னால் தள்ளிப் பூட்டினேன். தமிழ் எங்கே என்று தபால்காரர் கேட்டதற்கு, அச்சுப் பிழை, திருப்பி அனுப்பப் போகிறேன் என்றேன். எங்கள் கந்தோருக்கு வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் தோட்டத்துத் தமிழர்கள். நான்கு நாட்கள் அவர்கள் வந்து போனார்கள், நான் கொடுக்கவில்லை. என் விஷயத்தை என் தங்கச்சி ஊருக்கு வாசித்துக்காட்டுகிறாள் என்ற நினைப்பு தவிர வேறு நினைப்பு எனக்கு இருக்கவில்லை.

வீட்டிலும் ஒன்றும் கேட்கவில்லை. மனைவியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் காலையில் என் சட்டைப் பொத்தான்களைப் போட்டுவிடுவாள், பின் போத்தலைத் திறந்து ஒரு குளிசை எடுத்துத் தருவாள். வெள்ளிக்கிழமை நான் அந்தப் போத்தலைக் கேட்டேன்.

"எதுக்குங்க?"

"பேரு வாசிக்கத்தான்."

"விட்டமின்தானே," என்று உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டாள்.

சனிக்கிழமை பஸ்ஸில் கண்டிக்குப் போனேன். மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் இறங்கி, நடந்துதான் போனேன். அப்போது இடது கால் இலேசாக இழுக்கத் தொடங்கியிருந்தது. செவ்வாய் வரை அதற்கும் விட்டமின் குறைச்சல்தான் காரணம் என்று எண்ணியிருந்தேன். தங்கச்சியின் அறையில் ஒரு தம்பதி விவாகச் சான்றிதழுக்குக் காத்திருந்தார்கள். அவர்கள் போகும்வரை மூன்றாவது கதிரையில் இருந்தேன். அவள் இரண்டு முறை என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

அவர்கள் போனதும் இரண்டு தாள்களையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன்.

"தமிழ்ல ஒரு வரி கூடுதலா இருக்கு," என்றேன்.

அவள் குனிந்து பார்த்தாள். கண்ணாடியைக் கழற்றி வைத்தாள்.

"இது எப்படி ஒங்க கைக்கு வந்துச்சு?"

"தபால்ல. எல்லாருக்கும் வர்ற மாதிரி."

"கண்டி டவுனுக்கு மட்டும்தான் குடுப்போம்னு சொன்னாங்கண்ணே. தபால் கந்தோருக்கெல்லாம் அனுப்புவாங்கன்னு எனக்குத் தெரியாது."

அவள் முதலில் சொன்னது அதுதான். என் கைக்கு இது வராது என்று நினைத்தாள் என்பது.

"இதை ஏன் சேர்த்த?" என்று முத்திரை வரியில் விரலை வைத்தேன்.

"அந்தச் சிங்களத்த அப்படியே மாத்துனா ஆஸ்பத்திரி போர்டுல எழுதுன மாதிரி இருந்துச்சு. தோட்டத்தாளுங்களுக்குப் புரியாது. ஒங்க வாயில வந்ததுதான் சரியாப் பட்டுச்சு. ஒங்கள நெனச்சுத்தான் எழுதுனேன்."

"என்னை நெனச்சு ஊருக்கெல்லாம் எழுதியிருக்க. என்கிட்ட மட்டும் சொல்லல."

அவள் அழத் தொடங்கினாள். எனக்கு அந்த அழுகையைப் பார்க்க எரிச்சலாக இருந்தது. அழவேண்டியவன் நான், அதற்கான ஒன்றரை வருடத்தையும் இவர்கள் எடுத்துக்கொண்டார்கள் என்று தோன்றியது.

"வேற யாருக்கெல்லாம் தெரியும்?"

"அண்ணிக்கு."

"அப்புறம்?"

"நம்ம கோயில் பாதருக்கு. அண்ணி போய்ச் சொன்னாங்க."

"அப்புறம்?"

"பிள்ளைக்கு." என் மகளைத்தான் சொன்னாள். அவள் அப்போது பேராதனைப் பல்கலைக்கழகத்தில் முதல் வருடம்.

"தபால்காரருக்கு?"

தலையைக் குனிந்துகொண்டாள். "நான்தான் போன் பண்ணுனேன். ஒங்களக் கவனிச்சுக்கச் சொல்லி."

ஒவ்வொன்றாக எனக்கு நினைவுக்கு வந்தது. போன ஆண்டு மடுமாதா கோயிலுக்கு, மகளின் பரீட்சைக்கு நேர்த்தி என்று சொல்லி என்னைக் கூட்டிப்போனது. ஞாயிறு பூசையில் பாதர் என்னையே அடிக்கடி முதல் வாசகம் வாசிக்கச் சொன்னது. என் குரல் நன்றாக இருக்கிறது என்பதால் என்று நினைத்தேன். அது இருக்கும்வரை வாசிக்கட்டும் என்று விட்டிருக்கிறார். மகள் வாரம் தவறாமல் பேராதனையிலிருந்து வந்து போனது. எல்லோரும் என்னிடம் அன்பாகத்தான் இருந்தார்கள். அந்த ஒவ்வொரு அன்பையும் நான் இப்போது எடுத்து மறுபக்கம் திருப்பிப் பார்க்க வேண்டியிருந்தது.

"அண்ணி கையப் புடிச்சிக்கிட்டு அழுதாங்க," என்றாள் தங்கச்சி. "'அவருக்குத் தெரிஞ்சா அன்னைக்கே ஒடஞ்சிருவாரு, கொஞ்ச நாள் போகட்டும்'னாங்க. நான் சரின்னேன். அடுத்த மாசம் சொல்லலாம், அடுத்த மாசம் சொல்லலாம்னு..."

"நீ சத்தியம் பண்ணித்தானே இந்த வேலை செய்யுற?"

"அது கடதாசிக்கு, அண்ணே."

நான் எழுந்து வந்துவிட்டேன். படியிறங்கக் கைத்தாங்கல் கொடுக்க வந்தாள். வேண்டாமென்றேன். பதினொரு படி. சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்கினேன்.

நான் வீடு வருமுன்பே அவள் மனைவிக்குப் போன் பண்ணியிருந்தாள். மனைவி குசினி வாசலில் நின்றாள். விட்டமின் போத்தலும், அதற்குள் மாற்றிப் போட்டிருந்த நரம்பு மருந்தின் அசல் பெட்டியும் மேசையில் இருந்தன. பெட்டியைத் தூக்கிப்போடாமல் அரிசி வாளிக்குள் வைத்திருந்தாளாம்.

"திட்டுங்க," என்றாள்.

எனக்குத் திட்ட வரவில்லை. "ஏன்?" என்று மட்டும் கேட்டேன்.

"இந்த ஒன்றரை வருஷம் நீங்க சிரிச்சீங்கல்ல? சாப்பிட்டீங்க, தூங்குனீங்க, வேலைக்குப் போனீங்க. நான் தூங்கல. ஒரு ஆளாவது தூங்கட்டும்னுதான்."

அவள் சொன்னது உண்மை. நான் தூங்கினேன். ஆனால் நான் விழித்திருந்தால் செய்திருக்கக்கூடிய ஒன்று இருந்தது.

எனக்கு ஒரு அக்கா இருக்கிறார். எனக்குப் பத்து வயதாக இருக்கும்போது, கல்யாணம் முடிந்த கையோடு, தோட்டத் தமிழரை இந்தியாவுக்குத் திருப்பியனுப்பிய ஒப்பந்தத்தின்படி, இந்தியப் பிரஜை என்று எழுதிய கடதாசியோடு, மாமியார் வீட்டோடு சேர்ந்து இந்தியாவுக்குப் போய்விட்டவர். கோத்தகிரிப் பக்கம், அங்கேயும் தேயிலைதான். என்னைத் தூக்கி வளர்த்தவர். இத்தனை வருடமும் கடிதம், பிறகு போன். நேரில் பார்த்ததில்லை. கை பிசகத் தொடங்கிய வருடம் நான் பாஸ்போர்ட் எடுத்திருந்தேன். ஏப்ரலில் போவதாக இருந்தது. "கை சரியானதும் போகலாங்க, பையத் தூக்க வேணாமா?" என்றாள் மனைவி. தங்கச்சியும் அதையே சொன்னாள். டொக்டர் பயணம் வேண்டாமென்றார் என்றும் சேர்த்துச் சொன்னாள். டொக்டர் அப்படிச் சொல்லவில்லை. அதைப் பிறகு நானே அவரிடம் கேட்டேன். போக விரும்பினால் சீக்கிரம் போகட்டும் என்றுதான் அவர்களிடம் சொன்னாராம்.

எனக்கு இந்த ஒரு பொய்தான் இன்னும் ஆறவில்லை. மற்றதெல்லாம் பயத்தில் சொன்னது என்று வைத்துக்கொள்ளலாம். இது என்னை எங்கேயும் போகாமல் கண்முன்னால் வைத்துக்கொள்வதற்காகச் சொன்னது. அந்த ஏப்ரலில் என் கால் நன்றாக இருந்தது, நாக்கு நன்றாக இருந்தது.

அன்று மாலையே அக்காவுக்கு வீடியோ கோல் எடுத்தேன். அவருக்கும் தெரிந்திருக்குமோ என்று பயந்துகொண்டேதான் எடுத்தேன். அக்காவுக்குத் தெரியாது. தாளில் இருந்ததை நான் வாசித்தேன். அவர் திரைக்கு மிக நெருக்கமாக முகத்தைக் கொண்டுவந்து கேட்டுக்கொண்டிருந்தார், நெற்றியும் மூக்கும்தான் தெரிந்தன.

"இப்பத்தான் ஒனக்குத் தெரியுமா?"

"செவ்வாக்கெழம."

"நீதான் மொதல்ல எனக்குச் சொல்றியா, இல்ல இங்க யாருக்காச்சும் சொல்லிட்டாங்களா?"

"நான்தான் மொதல்ல."

"சரி," என்றார். "அந்த மட்டுக்கும் சரி." அவருக்கு முழங்கால் இரண்டும் போய்விட்டது, படியிறங்கி ரோட்டுக்கு வருவதே மாதத்துக்கு ஒரு தடவை. என் காலும் போய்க்கொண்டிருந்தது. இருவரில் ஒருவரும் இனி வரமுடியாது என்பதை நாங்கள் இருவருமே சொல்லவில்லை.

திங்கட்கிழமை அலுமாரியைத் திறந்து தமிழ்க் கட்டை எடுத்துக் கவுண்டரில் வைத்தேன். தபால்காரர் பார்த்தார். அச்சுப் பிழை இல்லை என்று அவரிடம் சொன்னேன். அவர் தன் பையில் முப்பது தாள் எடுத்துப் போட்டுக்கொண்டு தோட்டத்து லய வீடுகளுக்குப் போனார். அவரோடு எனக்குக் கோபமில்லை. அவரிடம் கேட்டுக்கொண்டதை அவர் செய்தார்.

ஆறு மாதத்தில் மருத்துவக் காரணத்தைச் சொல்லி ஓய்வு பெற்றேன். பேச்சு குழறத் தொடங்கியிருந்தது. ழகரமும் ரகரமும் முதலில் போயின, பிறகு எல்லாமே வாயில் ஊறிய ரொட்டி மாதிரி வந்தன. அந்தத் தொண்டர் குழு கண்டியில் ஒரு கோயில் மண்டபத்தில் தமிழ் மக்களுக்கென்று ஒரு கூட்டம் வைத்தது. நோயோடு வாழும் ஒருவர் பேசினால் நல்லது என்று என்னைக் கேட்டார்கள். என் பேச்சு விளங்காதே என்றேன். தங்கச்சி பக்கத்தில் நின்று திருப்பிச் சொல்வாள் என்று ஏற்பாடு. என் குழறல் மனைவிக்கும் விளங்கும், ஆனால் சபையில் எடுத்துச் சொல்லக்கூடியவள் தங்கச்சிதான். சம்மதித்தேன். ஒரு நிபந்தனை போட்டேன். நான் சொல்வதை அப்படியே சொல்லவேண்டும். சரி என்றாள்.

அறுபது பேரளவில் வந்திருந்தார்கள். கண்டிக் கடைக்காரர்கள் சிலர், ஆசிரியர்கள், பன்விலவிலிருந்தும் தெல்தோட்டையிலிருந்தும் வந்த தோட்டத்து ஆட்கள், அக்குறணைப் பக்கத்து முஸ்லிம் பெண்கள் நான்கைந்து பேர். என் மனைவி முன்வரிசையில். முதலில் ஒரு டொக்டர் பேசினார். பிறகு நான். கதிரையில் இருந்தபடி ஒவ்வொரு வாக்கியமாகச் சொன்னேன், தங்கச்சி பக்கத்தில் நின்று ஒவ்வொன்றையும் தெளிவாகச் சொன்னாள். கை எப்படிப் போனது, எங்கெல்லாம் காட்டினேன், எது வீண், எதைச் சீக்கிரம் செய்திருக்க வேண்டும். பிறகு சொன்னேன், "என்ன நோய்ன்னு எனக்கு ஒன்றரை வருஷம் சொல்லல. என் தங்கச்சி என்கிட்ட பொய் சொன்னா."

அவள் மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "என்ன நோய் என்று எனக்கு ஒன்றரை வருடம் சொல்லப்படவில்லை," என்றாள். "வீட்டில் உள்ளவர்கள் தயங்கினார்கள்."

நான் அவள் முகத்தைப் பார்த்தேன். சபைக்கு ஒன்றும் தெரியாது. அவர்கள் தலையாட்டிக்கொண்டிருந்தார்கள். மீண்டும் சொன்னேன், இன்னும் மெதுவாக. அவள் மீண்டும், "வீட்டில் உள்ளவர்களுக்குச் சொல்ல மனம் வரவில்லை," என்றாள்.

கையைப் போலவே வாயும் போய்விட்டது, அது இப்போது அவளிடம்தான் இருக்கிறது, அவள் விரும்பியதைத்தான் அது பேசும். முதல் தடவை ஏமாந்தபோது எனக்குத் தெரியாது. இந்தத் தடவை அறுபது பேர் முன்னால், என் காதிலேயே விழ நடந்தது.

நான் அடுத்த வாக்கியத்துக்குப் போகவில்லை. சனம் நெளியத் தொடங்கியது. முன்வரிசையில் மனைவி எழுந்தாள்.

"அவரு சொன்னது அது இல்ல," என்றாள். அவள் சத்தமாகப் பேசுகிறவள் அல்ல. "'என் தங்கச்சி என்கிட்ட பொய் சொன்னா'ன்னு சொன்னாரு. நான்தான் சொல்ல வச்சேன். ரெண்டு பேரும்தான்."

தங்கச்சி மைக்கைக் கீழே இறக்கவில்லை. "என் தங்கச்சி என்னிடம் பொய் சொன்னாள்," என்றாள். அதற்குப் பிறகு நான் சொன்ன எல்லாவற்றையும் அப்படியே சொன்னாள். அக்காவைப் பற்றிச் சொன்னதையும் சொன்னாள், ஏப்ரல் என்பதையும் சொன்னாள். முடிந்ததும் மண்டபத்துக்குப் பின்பக்கம் போய்விட்டாள். அன்று எங்களோடு வாகனத்தில் வரவில்லை.

கூட்டம் கலைந்தபோது ஒருவர் வந்தார், பன்விலவுக்கு மேலே ஒரு தோட்டத்தில் வேலை செய்கிறவர். அவர் மனைவிக்கும் இதே நோய் என்று சொல்லியிருக்கிறார்களாம், அவளுக்குச் சொல்லவில்லையாம். "என்ன செய்யட்டுங்க?" என்று கேட்டார். என் மனைவி என் வாயருகே காது வைத்துக் கேட்டு, "சொல்லிருங்கன்னு சொல்றாரு. இன்னைக்கே சொல்லிருங்கன்றாரு," என்றாள்.

மூன்று வாரம் கழித்து அவர் தன் மனைவியை எங்கள் வீட்டுக்குக் கூட்டிவந்தார். நாற்பது வயதுக்குள் இருக்கும் அவளுக்கு. கொழுந்து எடுக்கும் கை, இப்போது இரண்டும் மடியில் கிடந்தன. கதிரையில் உட்கார்ந்து என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"நீங்கதானா சொல்லச் சொன்னது?"

தலையசைத்தேன்.

"எனக்குத் தெரியாமயே இருந்திருக்கலாங்க. நான் கேக்கல. யாருகிட்டயும் எனக்கு என்னன்னு கேக்கல. ஏன்னா எனக்குத் தெரியவேணாம். இவரு வந்து ஒக்கார வச்சு ஒங்க பேப்பர வாசிச்சுக் காட்டுறாரு. அன்னையிலேர்ந்து பிள்ளைங்க மொகத்தப் பார்க்க முடியல."

அவள் கணவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். என் மனைவி தேத்தண்ணித் தட்டோடு கதவடியில் நின்றுவிட்டாள். அவள் முகத்தில் எனக்கு எதிராக எதுவும் இல்லை, ஆனால் கேட்டுக்கொண்டிருந்தாள்.

நான் மன்னிப்புக் கேட்க நினைத்தேன். அது பொய்யாக இருந்திருக்கும். அவள் இடத்தில் நான் இருந்தால் எனக்குத் தெரியவேண்டும் என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். அவள் இடத்தில் அவள் இருக்கிறாள் என்பதை அன்று மண்டபத்தில் நான் யோசிக்கவில்லை. தங்கச்சியின் மேல் இருந்த கோபத்தில், தெரியாத ஒருத்தியின் கதவைத் தட்டச் சொல்லிவிட்டேன். அவரைக் கேட்டிருக்கலாம், உங்க பெண்சாதி எதாவது கேட்டாளா என்று. அந்த ஒரு கேள்வியை நானும் கேட்கவில்லை.

அதைத்தான் அவளிடம் சொன்னேன். மனைவி ஒவ்வொரு சொல்லாக எடுத்துச் சொன்னாள். சொல்லி முடிக்க வெகுநேரம் பிடித்தது. அந்தப் பெண் பொறுமையாகக் கேட்டாள்.

பிறகு மனைவி அவளுக்குத் தேத்தண்ணியைக் கோப்பையில் பிடித்துக் குடிக்கக் கொடுத்தாள். இரண்டு மிடறுக்குப் பிறகு அவளுக்குப் புரையேறியது. அடங்கியதும் என்னைப் பார்த்துக் கேட்டாள்:

"ஒங்களுக்கும் இப்படித்தான் ஏறுதா?"

ஆமென்றேன்.

"சோறு எறங்குறதுக்கு என்ன செய்யுறீங்க?"

தங்கச்சி இப்போதும் சனிக்கிழமைகளில் வருகிறாள். எனக்கு ஊட்டிவிடுகிறாள், நகம் வெட்டிவிடுகிறாள், குழுவுக்கான அடுத்த தாளை வாசித்துக் காட்டுகிறாள். நான் கேட்கிறேன், பிழை இருந்தால் சொல்கிறேன். மன்னித்துவிட்டேன் என்று அவளிடம் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. இதைத் தலையணையில் முழங்கையை ஊன்றி, இடது ஆள்காட்டி விரலால் கைத்தொலைபேசியில் எழுதுகிறேன். ஐந்து வாரமாக எழுதுகிறேன். அவளிடம் கொடுத்திருந்தால் ஒரு மணி நேரத்தில் முடித்திருப்பாள்.

அன்று அந்தப் பெண்ணுக்கு நான் சொன்னேன், சோற்றைக் குழைத்து, ரசத்தைத் தவிர்த்துக் கெட்டியாகப் பருப்பு சேர்த்து, தாடையை நெஞ்சுப் பக்கம் தாழ்த்தி விழுங்கச் சொல்லி. மனைவி அதைச் செய்து காட்டினாள். அந்தப் பெண்ணின் கணவர் அலுமாரிக்கு மேலே கிடந்த ஒரு பழைய கடித உறையை எடுத்து அதன் முதுகில் எழுதிக்கொண்டார். மழை வரும்போல இருந்தது. பன்வில பஸ்ஸைப் பிடிக்கவேண்டும் என்று நாலு மணிக்கே கிளம்பினார்கள். அவர் அவளைத் தாங்கிப் பிடித்தார், என் மனைவி குடையோடு ரோடு வரைக்கும் கூடப் போனாள்.